ஜாவா விர்ச்சுவல் த்ரெட்: 21 போதுமா, 25-க்குப் போகணுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சர்வரின் பெரும்பாலான நேரம் யாரோ ஒருவரின் பதிலுக்குக் காத்துக் கிடப்பதிலேயே போகிறது என்றால், விர்ச்சுவல் த்ரெட்டைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். த்ரெட் என்பது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை; விர்ச்சுவல் த்ரெட் என்பது ஜாவாவே நிர்வகிக்கும், ஆயிரக்கணக்கில் உருவாக்கக்கூடிய இலகுவான த்ரெட். ஆனால் ஜாவா 21 பதிப்பில் நின்றுவிடாதீர்கள். அதில் ஓட்டி ஒரு ராத்திரி முழுக்கத் தவித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இதற்கு முன் நாங்கள் கால்பேக் முறையில்தான் (பதில் வந்ததும் ஓட வேண்டிய ஃபங்ஷனை முன்கூட்டியே கொடுத்துவைப்பது) எழுதி வந்தோம். டேட்டாபேஸைக் கேள், பதில் வந்ததும் இன்னொரு சர்வீஸைக் கேள், கிடைத்ததைச் சேமி. இந்த மூன்று வரி வேலை ஏழெட்டு ஃபங்ஷன்களில் சிதறிக் கிடந்தது. பிழை வந்தால் ஸ்டாக் ட்ரேஸில் (எந்தெந்த ஃபங்ஷன் வழியாக அங்கே வந்தது என்ற பட்டியல்) எங்கள் கோடு ஒரு வரிகூட இருக்காது. விர்ச்சுவல் த்ரெட்டுக்கு மாறியதும் மூன்று வரி மறுபடி மூன்று வரியானது. எந்த வரியில் காத்திருக்கிறது என்பது ட்ரேஸிலேயே தெரிகிறது. இது ஒன்றுக்காகவே இதை எனக்குப் பிடிக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். நிஜமாக ஓடுபவை கேரியர் த்ரெட்கள், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் த்ரெட்கள். வழக்கமாக எத்தனை சிபியு கோரோ அத்தனை. விர்ச்சுவல் த்ரெட் ஒரு கேரியர் மேல் ஏறி ஓடும். சாக்கெட்டில் படிக்கப் போய் டேட்டா இன்னும் வரவில்லையென்றால், தன் ஸ்டாக்கை (எந்த வரியில் நிற்கிறது என்ற விவரம்) ஹீப் என்ற பொது மெமரியில் வைத்துவிட்டு இறங்கிக்கொள்ளும். அந்தக் கேரியர் உடனே அடுத்த வேலையைப் பார்க்கும். டேட்டா வந்ததும் 'அன்பார்க்' என்ற எழுப்பும் அழைப்பு வரும். த்ரெட் மறுபடி வரிசையில் நின்று, காலியாக இருக்கும் ஏதாவது ஒரு கேரியரில் ஏறும். தூங்கப் போவதற்கு முன்பே எழுப்பும் அழைப்பு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். முந்தி வந்த அன்பார்க் ஒரு அனுமதியாகத் தங்கிவிடும். அடுத்து வரும் 'பார்க்' (தூங்கப் போகும் அழைப்பு) தூங்காமலே திரும்பிவிடும். பத்து முறை அன்பார்க் செய்தாலும் தங்குவது ஒரே ஒரு அனுமதிதான். காரணமே இல்லாமலும் பார்க் திரும்பலாம் என்பதால், நீங்களே நேரடியாகப் பயன்படுத்தினால் நிபந்தனையை லூப்பில் வைத்துச் சரிபாருங்கள்.

இப்போது அந்த ராத்திரி. நான்கு கோர் மெஷின், ஜாவா 21. திடீரென்று எந்தக் கோரிக்கைக்கும் பதில் இல்லை. சிபியு கிட்டத்தட்ட பூஜ்யம், மெமரி நலம், டேட்டாபேஸும் நலம். வழக்கமான த்ரெட் டம்ப்பில் (எந்த த்ரெட் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) விர்ச்சுவல் த்ரெட்களின் ஸ்டாக் தெரியாது. ஜாவாவோடு வரும் ஜேசிஎம்டி என்ற கருவி வழியாகத் தனியாக எடுக்க வேண்டும். எடுத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. நாங்கள் பயன்படுத்திய ஒரு பழைய லைப்ரரி, சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே நுழையும்படி லாக் போட்ட பகுதி) நின்றபடி டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்குக் காத்திருந்தது, அதுவும் காலக்கெடு எதுவும் இல்லாமல். ஜாவா 21-ல் சிங்க்ரனைஸ்டுக்குள் இருக்கும் விர்ச்சுவல் த்ரெட்டால் கேரியரை விட்டு இறங்க முடியாது. கேரியரோடு குத்திவைத்தது போல 'பின்' (pin) ஆகிவிட்டது என்பார்கள். ஒன்று உள்ளே பின் ஆகி நின்றது. இன்னும் மூன்று அதே லாக்கின் வாசலில், ஆளுக்கொரு கேரியரைப் பிடித்தபடி நின்றன. நான்கு கேரியரும் போச்சு. கனெக்‌ஷன்களைக் கையில் வைத்திருந்த த்ரெட்களுக்கோ டேட்டாபேஸின் பதில் எப்போதோ வந்துவிட்டது. எழுப்பியும் ஆயிற்று. ஏறி ஓடத்தான் கேரியர் இல்லை. அவை ஓடினால்தான் கனெக்‌ஷன் திரும்பும். கனெக்‌ஷன் திரும்பினால்தான் கேரியர் விடுபடும்.

எங்கள் கோடாக இருந்தால் சிங்க்ரனைஸ்டை எடுத்துவிட்டு ரீஎன்ட்ரன்ட் லாக் என்ற வேறு வகை லாக்கைப் போட்டிருப்போம். அதில் காத்திருக்கும்போது த்ரெட் ஒழுங்காக இறங்கிவிடும். லைப்ரரி எங்கள் கையில் இல்லை. அந்த அழைப்பை மட்டும் சாதாரண த்ரெட் பூலுக்குத் (முன்கூட்டியே உருவாக்கி வைத்த த்ரெட்களின் தொகுப்பு) தள்ளிவிட்டுச் சமாளித்தோம்.

2025 மார்ச்சில் வந்த ஜாவா 24 இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது (ஜாவா மேம்பாட்டு முன்மொழிவு, ஜே.இ.பி. 491). சிங்க்ரனைஸ்டுக்குள் காத்திருந்தாலும், அதன் வாசலில் காத்திருந்தாலும் த்ரெட் இறங்கிக்கொள்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 25 நீண்டகால ஆதரவு கொண்ட பதிப்பு என்பதால் நேராக அதற்கே போனோம். பழைய லைப்ரரியைப் பழையபடி வைத்து, எங்கள் ஒட்டுவேலையை நீக்கி ஓட்டிப் பார்த்தேன். தொங்கவில்லை.

குறைகளும் உண்டு. நேட்டிவ் கோடுக்குள் (சி போன்ற வேறு மொழியில் எழுதியது) போய், அங்கிருந்து திரும்ப ஜாவாவுக்கு வந்து காத்திருந்தால் இன்னமும் பின் ஆகும். ஃபைல் படிப்பது பெரும்பாலும் கேரியரையே பிடித்து வைக்கிறது. கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் லூப்பை நடுவில் நிறுத்தி இன்னொன்றுக்கு இடம் தர மாட்டார்கள். அந்த மாதிரி வேலைக்கு இது வேண்டாம்.

இன்னொன்று, முன்பு 200 த்ரெட் கொண்ட பூல் இருந்தபோது டேட்டாபேஸை ஒரே நேரத்தில் 200 பேருக்கு மேல் முட்ட முடியாது. அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைத்தது. இப்போது ஆயிரக்கணக்கில் முட்டும். செமஃபோர் (ஒரே நேரத்தில் எத்தனை பேர் நுழையலாம் என்று எண்ணும் கருவி) போட்டு நீங்களே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டும். விர்ச்சுவல் த்ரெட்டையே பூலில் போட்டுக் கட்டுப்படுத்த நினைக்காதீர்கள். வேலைக்கு ஒன்று உருவாக்கி, முடிந்ததும் விட்டுவிடுவதற்காகச் செய்யப்பட்டது அது.

ஏதோ காரணத்தால் 21-லேயே இருக்க வேண்டியவர்கள் ஜாவாவிலேயே உள்ள பதிவுக் கருவியான ஃப்ளைட் ரெக்கார்டரை ஓடவிட்டு, விர்ச்சுவல் த்ரெட் பின்ட் என்ற நிகழ்வைக் கவனியுங்கள். 20 மில்லிசெகண்டுக்கு மேல் பின் ஆனால் அது பதிவாகும், ஸ்டாக் ட்ரேஸோடு. எந்த லைப்ரரியின் எந்த வரி என்று அதிலேயே இருக்கும்.