தேன் செடியா, புழுச் செடியா? மாசி, பங்குனியில் வீட்டுத் தோட்டத்துக்கு எது முதலில்

"பட்டாம்பூச்சி வர்ற மாதிரி ஒரு செடி கொடுங்க" என்று நர்சரியில் கேட்டால், பூத்து நிற்கும் தொட்டி ஒன்றைத்தான் எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் இட்லிப்பூ, இல்லாவிட்டால் கலர் கலராகப் பூக்கும் உண்ணிச்செடி. பட்டாம்பூச்சி வரத்தான் செய்யும். தேன் குடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். அது முட்டை வைக்கவும், அதன் புழு இலை தின்னவும் வேறு செடி வேண்டும். அந்தச் செடியை யாரும் பட்டாம்பூச்சிச் செடி என்று சொல்லி விற்பதில்லை.

நாட்காட்டிப்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. ஆனால் நம் சமவெளி ஊர்களில் அதற்கான வேலைகள் மாசியிலேயே வந்து நிற்கும். முருங்கை பூக்கிறது, புங்கு பழைய இலையைக் கொட்டிவிட்டுத் துளிர்க்கிறது, கொஞ்ச நாளில் வேம்பும் பூக்கும், தேன்சிட்டு கூடு கட்ட இடம் பார்க்கிறது. கொல்லையில் கொஞ்சம் இடம், செலவழிக்க இரண்டு வாளித் தண்ணீர், இவ்வளவுதான் கையில் இருக்கிறது என்றால் எதை வைப்பது, எதை விடுவது? ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இட்லிப்பூவும் கறிவேப்பிலையும்

இட்லிப்பூவின் குழல் நீளமானது, ஒடுங்கியது. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அழகி வகைப் பட்டாம்பூச்சிகளுக்கு அது தோதான பூ. ஏறக்குறைய ஆண்டு முழுக்கப் பூக்கும். வெயில் தாங்கும், பார்க்கவும் அழகு. அதன் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் நான் கறிவேப்பிலையைத்தான் சொல்வேன். பனி போனதும் அது இளந்தளிர் விடும். கறிவேப்பிலை அழகி அந்தத் தளிராகப் பார்த்து ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போகும். முட்டையிலிருந்து வரும் சின்னப் புழு, பறவை எச்சம் இலையில் விழுந்து காய்ந்தது போலவே இருக்கும். நாம் கழுவிவிடத்தான் பார்ப்போம். கொஞ்சம் வளர்ந்ததும் பச்சைக்கு மாறிவிடும். அப்போது லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கவட்டை போன்ற ஓர் உறுப்பை நீட்டி ஒரு நெடியைக் கிளப்பும். குழந்தைகளுக்கு இதைக் காட்டினால் அன்றைக்கு டிவி பக்கம் போகமாட்டார்கள்.

எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாமே கறிவேப்பிலையின் உறவுக்காரச் செடிகள்தான். எலுமிச்சை அழகியும் இந்தக் குடும்பத்தைத் தேடித்தான் வரும். புழு இலையைத் தின்றால் சாம்பாருக்கு என்ன செய்வது என்று அம்மாக்கள் கேட்பார்கள். நியாயம்தான். வேரடியில் முளைக்கும் கன்றுகளில் ஒன்றைப் பெயர்த்துத் தனியே வைத்து, அதைப் புழுவுக்கென்று விட்டுவிடலாம். மருந்து மட்டும் எதன் மீதும் அடிக்கக் கூடாது. ஒரு செடிக்கு அடித்தால் பக்கத்துச் செடிப் புழுவும் சாகும்.

புழு இருந்தால் பறவையும் வரும். சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவைதான், ஆனால் குஞ்சுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியும். தேன்சிட்டும் குஞ்சுகளுக்குச் சிலந்தியையும் சிறு பூச்சியையும் பிடித்து வரும். புழுவே இல்லாத தோட்டத்தில் குருவிக்கூண்டு மட்டும் மாட்டி வைத்தால், அது வாடகைக்கு ஆள் வராத வீடாகவே தொங்கும்.

உண்ணிச்செடியும் எருக்கும்

உண்ணிச்செடிக்கு எதிராக நான் ஒரே பக்கம் சாய்கிறேன், சொல்லிவிடுகிறேன். தேன் உண்டு, கூட்டமாகப் பட்டாம்பூச்சி வரும், எல்லாம் உண்மை. ஆனால் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இந்தச் செடி முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புல்லையும் நாட்டுச் செடிகளையும் அமுக்கிப் படர்ந்து கிடக்கிறது. அதன் பழத்தைப் பறவைகள் தின்று விதையைக் கொண்டுபோய்ப் போடும். இப்படிப்பட்ட அந்நியச் செடிகளை அகற்றத் தமிழக அரசே 2022இல் தனிக் கொள்கை வெளியிட்டது. காசு கொடுத்து வாங்கி வைக்க வேண்டிய செடி இல்லை இது.

எருக்கை வீட்டில் வைக்கப் பலருக்கு மனசு வராது. பிள்ளையாருக்கு மாலை போடுவோம், வாசலில் மட்டும் ஆகாது! வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்கு எருக்கிலைதான் சாப்பாடு. அதிலுள்ள நச்சு புழுவின் உடம்பில் சேர்ந்து, பறவைகள் அந்தப் பட்டாம்பூச்சியைத் தொடாமல் காக்கிறது. மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டு எருக்கம்பூவுக்குத் தவறாமல் வரும். தண்ணீரே கேட்காத செடி. ஒரு எச்சரிக்கை: பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் எருக்கை விட்டுவிட்டுக் கிலுகிலுப்பைச் செடி போடுங்கள். அதன் காய்ந்த செடியில் ஆண் வரியன்கள் மொய்க்கும். தேனுக்காக அல்ல, பெண்ணைக் கவரும் வாசனைக்குத் தேவையான ஒரு சத்து அதிலிருந்துதான் கிடைக்கிறது.

முருங்கை, கல்யாண முருங்கை, புங்கு

முருங்கை சீக்கிரம் பூக்கும், நமக்கும் கீரையும் காயும் கிடைக்கும். தேனீயும் தேன்சிட்டும் காலையிலேயே ஆஜர். கிளை லேசில் முறியும், கம்பளிப்பூச்சி ஏறும் காலத்தில் எரிச்சல்தான். கல்யாண முருங்கை இலையில்லாத கிளையில் செக்கச்செவேல் என்று பூத்து மைனா, காக்கை, கரிச்சான் என்று பெரிய பறவைகளையும் இழுக்கும். காட்சிக்கு அதுதான் முதல். ஆனால் இலையைச் சுருண்டு வீங்க வைக்கும் ஒரு சிறு குளவியின் தாக்குதல் தென்னிந்தியாவில் பல மரங்களைப் பாழாக்கிவிட்டது. புங்குக்குப் பெரிய இடம் வேண்டும். தெருவோரம் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். சின்னக் கொல்லைக்கு என் ஓட்டு முருங்கைக்கு.

செம்பருத்தியா? ஒற்றை இதழ் நாட்டுச் செம்பருத்தி என்றால் சரி. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்களே இதழாக மாறியிருப்பதால் பூச்சிக்கு அதிகம் கிடைக்காது.

கூட்டுவதா, விடுவதா

இந்த மாதங்களில் சருகு மலையாகக் கொட்டும். கூட்டிக் கொளுத்துவதுதான் பழக்கம். அதைச் செடியடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினால் மண்ணின் ஈரம் நிற்கும், தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். பாம்பு பயம் இருந்தால் வீட்டை ஒட்டிய பகுதியையும் நடக்கும் வழியையும் சுத்தமாக வைத்துக்கொண்டு, வேலியோரத்தை மட்டும் விடுங்கள். ஒட்டடையையும் வெளிப்புறத்தில் கொஞ்சம் மிச்சம் வைக்கலாம். தேன்சிட்டு தன் தொங்கு கூட்டைச் சிலந்தி நூலால்தான் இழுத்துக் கட்டுகிறது.

கவாத்தைப் பொறுத்தவரை, வேலியையும் புதரையும் வெட்டும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள். தையல்சிட்டு இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்துத் தைத்திருந்தால் வெளியிலிருந்து கூடு இருப்பதே தெரியாது. இருந்தால் குஞ்சு பறந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, தானியமா தண்ணீரா? பங்குனி வெயிலுக்குத் தண்ணீர்தான். தானியம் போட்டால் புறாக்கள் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், எலியும் வரும். வாயகன்ற மண் தட்டில் இரண்டு விரல்கடை ஆழத்துக்கு ஊற்றி, நடுவில் ஒரு கல் போட்டு நிழலில் வையுங்கள். கல் மேல் தேனீ உட்கார்ந்து குடிக்கும். டெங்கு கொசு தட்டின் ஓரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அதனால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் தட்டைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஊற்ற வேண்டும். வெயில் ஏற ஏற தினமும் காலையில்.