ஆர்.எக்ஸ். 100: பழைய ஒரிஜினலா, புதிய நகலா, 135-இன் பாகமா?

யமஹா ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரான டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். இன்று அதை ஓட்டிக்கொண்டிருப்பவர் பாகம் தேடிப் போனால் மூன்று வழிகள் இருக்கின்றன. சென்னை புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் கழற்றி விற்கும் பழைய ஒரிஜினல் பாகம் ஒன்று. கடைகளில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும் புதிய நகல் இரண்டாவது. ஆர்.எக்ஸ். 135 போன்ற உடன்பிறப்பு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்துவது மூன்றாவது.

மொத்த வண்டிக்கும் இந்த ஒரு வழிதான் சரி என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அச்சில் வார்த்த பாகத்தைப் பழையதாக வாங்கலாம். தேய்ந்து தேய்ந்தே வேலை செய்யும் பாகத்தைப் புதிதாக வாங்க வேண்டும். இதில் பெரிய பணம் போவதும், அதிகம் ஏமாறுவதும் பிளாக்கில்தான், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரில். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆர்.எக்ஸ். 100-இன் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. பழைய பிளாக் எத்தனை முறை போரிங் போயிருக்கிறது, அதாவது தேய்ந்த துளையை எத்தனை முறை கடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒவ்வொரு முறையும் 0.25 மி.மீ. கூடும், 1 மி.மீ. தாண்டினால் பிஸ்டன் கிடைப்பது கஷ்டம். விற்பவர் "ஸ்டாண்டர்ட் சைஸ்" என்றால் அவர் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் போர் கேஜ் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிளாக்கோடு பிஸ்டனும் வந்தால் அதன் தலையில் 25, 50 என்று பொறித்திருப்பதே ஓவர்சைஸை, அதாவது 0.25, 0.50 மி.மீ. கூடியிருப்பதைச் சொல்லிவிடும். கடைசி அளவைத் தொட்ட பிளாக்கையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. நல்ல லேத் பட்டறையில் புது ஸ்லீவ் (உள்ளுறைக் குழாய்) இறக்கித் திரும்ப 50-க்குக் கொண்டுவரலாம்.

அளவைவிட முக்கியமானது போர்ட், அதாவது கலவையும் புகையும் போய்வர சிலிண்டர் சுவரில் இருக்கும் வாய்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு செய்கிற வேலையை டூ ஸ்ட்ரோக்கில் போர்ட்டின் உயரம்தான் செய்கிறது. வேகத்துக்காக எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை அரம் போட்டு உயர்த்திய பிளாக்குகள் சந்தையில் நிறையச் சுற்றுகின்றன. அவை மேல் ஆர்.பி.எம்.மில் பாயும், ஆனால் கீழ் இழுவையும் மைலேஜும் போய்விடும். விரலை உள்ளே விட்டு விளிம்பைத் தடவிப் பாருங்கள். கரடுமுரடாகவோ வளைவு கோணலாகவோ இருந்தால் வேண்டாம். நகல் பிளாக்கில் போர் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் போர்ட்டின் உயரம் ஒரிஜினலோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே அரம் படாத பழைய ஒரிஜினல், 0.50 ஓவர்சைஸில் இருந்தாலும், புது நகலைவிட எனக்கு மேல்.

135-இன் பிளாக்கை இதில் ஏற்றுவது பலருடைய ஆசை. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் அதே 50தான். போர் மட்டும் அங்கே 58 மி.மீ. அதனால் பிளாக்குக்குக் கீழே இருக்கும் எஞ்சின் கூடான கிராங்க் கேஸின் வாயை வெட்டி அகலப்படுத்தாமல் அந்த பிளாக் உட்காராது. வெட்டிய உலோகம் திரும்பி வராது. தவிர, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழ்) 98 சி.சி. என்று இருக்கும் வண்டி 132 சி.சி. ஆகிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி இப்படித் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. டேங்க், முன் ஃபோர்க், சக்கரம், மட்கார்டு போன்றவற்றை 135-இலிருந்து தாராளமாக எடுக்கலாம். பெரும்பாலும் அப்படியே பொருந்தும். எதற்கும் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது கிராங்க், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. பழைய கிராங்கை வாங்கி அப்படியே பூட்டாதீர்கள். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்தால் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. ஆட்டமே இல்லாவிட்டாலும் அந்த பேரிங் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பார்த்தது என்று யாருக்குத் தெரியும்? உங்கள் கிராங்கிலேயே புது ராடு கிட் போட்டு, டயல் கேஜில் நேர் பார்த்துத் தரச் சொல்வதுதான் நல்லது. கூடவே இரண்டு பக்க ஆயில் சீலும் புதிதாக இருக்க வேண்டும். சீல் கசிந்தால் கிராங்க் கேஸுக்குள் வெளிக்காற்று புகும், கலவை மெலியும், சூடேறி பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் சீலைப் பார்த்து மிச்சம் பிடித்தால் பிளாக்கே போய்விடும்.

கார்புரேட்டரில் பழைய மிகுனி கம்பெனியுடையதை எடுக்கலாம், உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடு தளர்ந்திருக்கக் கூடாது. ஜெட், ஊசி, வாஷர் எல்லாம் புதிது. சைலன்சரில் பழையதுக்குத்தான் என் ஓட்டு. டூ ஸ்ட்ரோக்கில் அதன் உள்வடிவமே இழுவையைத் தீர்மானிக்கிறது. நகல்களில் வெளியே குரோம் மின்னும், உள்ளே வடிவம் மாறியிருக்கும். கரி அடைத்த பழைய சைலன்சரைச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

பிரேக் ஷூ, கேபிள், கிளட்ச் பிளேட், ரப்பர் வகையறா புதிதுதான், யோசிக்கவே வேண்டாம். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் சி.டி.ஐ., மேக்னட் காயிலைப் பழையதாக வாங்குவதென்றால் ஓடும் வண்டியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபோர்க் குழாயைக் கண்ணாடிப் பலகையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். டேங்கில் தண்ணீர் நிரப்பி வைத்துப் பாருங்கள், ஊசித்துளை இருந்தால் கசியும்.

கடைசியாக கிராங்க் கேஸ். எஞ்சின் எண் இதில்தான் பொறித்திருக்கிறது. இந்த வண்டிகள் எல்லாமே 15 வருடம் தாண்டியவை. 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போது எண்ணைச் சரிபார்ப்பார்கள். எண்ணைத் தேய்த்த கேஸோ மறுபடி பொறித்த கேஸோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் குற்றம். இடது, வலது பாதிகளைத் தனித்தனியாகவும் வாங்கக் கூடாது. இரண்டும் ஜோடியாகக் கடைந்தவை. உங்கள் கேஸில் விரிசல்தான் பிரச்சினை என்றால் முதலில் ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வேறு கேஸ்தான் வழி என்று ஆனால், பில்லும் அந்த வண்டியின் ஆர்.சி. நகலும் தருபவரிடம் மட்டும் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எண்ணை மாற்றிப் பதிந்த பிறகே வண்டியைச் சாலையில் இறக்குங்கள்.