மத்தள அடியின் தலையை வெட்ட எந்த சாம்ப்ளர்?

ஒலியைப் பதிந்து, வெட்டி, தட்டி வாசிக்கிற மிசின்தான் சாம்ப்ளர். அதை வாங்கப் போகிறவர்கள் எத்தனை பேட் (விரலால் தட்டுகிற கட்டை), எவ்வளவு நினைவகம், என்னென்ன எபெக்ட் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மட்டக்களப்பில் கூத்து மத்தளம், சல்லரி (கைத்தாளம்), பறை, உடுக்கு என்று பதிந்து பீட் கட்டுகிறவர்கள் வேறொன்றைக் கேட்க வேண்டும். ஒலி எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதை அந்த மிசின் எதைக்கொண்டு அளக்கிறது? சாம்பிள் என்கிற மிகச் சிறிய ஒலித் துளிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறதா, முழு நீளத்தில் ஒரு பங்காகப் பார்க்கிறதா?

இது ஏன் பெரிய விஷயம் என்றால், மத்தள அடி கொம்பியூட்டரில் செய்த கிக் டிரம் அடி மாதிரி ஒரே வெட்டில் தொடங்குவதில்லை. விரல் தோலில் படுகிற சின்னச் சத்தம் முன்னால் வரும், அதன் பின்தான் கனத்த முழக்கம் எழும். விரல் சத்தத்தோடு வெட்டி எறிந்தால் அடி மழுங்கிப்போகும். அதற்கு முன்னால் வெறும் இடத்தை விட்டுவைத்தால் தாளம் பின்தங்கும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் பதினாறில் ஒரு பங்கு அடிக்கு 125 மில்லி செக்கன்தான் இடம். அதில் 20 பிந்தினாலே கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர் தலையைத் திருப்பி, "என்ன மனே, அடி பிந்துதே" என்பார். மென்பொருள் வரைபடமெல்லாம் அவருக்குத் தேவையில்லை.

கிளிக் சத்தமும் இங்கேதான் பிறக்கிறது. 100 ஹெர்ட்ஸ் முழக்கத்தில் அலையின் ஒரு சுற்று 10 மில்லி செக்கன். பூச்சியக் கோட்டைக் கடக்கிற இடத்தில் வெட்டாமல் அலையின் உச்சியில் வெட்டினால், ஒவ்வொரு முறை பேடைத் தட்டும்போதும் 'டிக்' என்று கேட்கும்.

ட்ரிம், அதாவது ஒலியின் முன்பின்னை வெட்டுகிற வேலையை மட்டும் வைத்துப் பார்த்தால் அக்காய் எம்பிசி ஒன்தான் முதலாவது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2020இல் வந்தது, 7 அங்குலத் தொடுதிரை. 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் ஒரு செக்கன் 44,100 சாம்பிள். தொடக்கப் புள்ளியை இது அந்த எண்ணாகவே காட்டுகிறது. ஒரு எண் நகர்ந்தால் 0.023 மில்லி செக்கன். விரலால் இழுத்துக் கிட்டக் கொண்டுபோய், அலையைப் பெரிதாக்கி, மிச்சத்தைக் குமிழில் திருகி முடிக்கலாம். விரலை மட்டும் நம்பவேண்டாம், எடுக்கும்போது கோடு கொஞ்சம் அசைந்துவிடும்.

நீண்ட பதிவைத் துண்டு துண்டாக வெட்டுகிற சொப் பக்கத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஒலியின் உரப்பைப் பார்த்துத் தானே துண்டு போடுகிற முறை இருக்கிறது. வடமோடிக் கூத்தின் தாளக்கட்டில் அது பாதிதான் உதவும், ஏனென்றால் பலத்த அடிகளுக்கு நடுவில் வருகிற மெல்லிய விரலடிகளை அது விழுங்கிவிடும். வரம்பைக் குறைத்தால் சல்லரியின் ஒவ்வொரு அதிர்வையும் அடி என்று எண்ணிவிடும். கையால் வெட்டுவதே கதி. துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கிற 'லிங்க் ஸ்லைசஸ்' போட்டிருந்தால், ஒரு துண்டின் முடிவை நகர்த்தும்போது அடுத்த துண்டின் தொடக்கமும் கூடவே நகரும். முழு வரியையும் சீராகப் பிரிக்க அது வசதி. ஒரு அடியின் முழக்கம் அடுத்த அடிக்குள்ளும் ஓடவேண்டுமானால் அதை நிறுத்திவிட்டு வெட்டுங்கள். வெளிப்பகுதியை நிரந்தரமாக நீக்குகிற 'டிஸ்கார்ட்' கடைசியில் போதும்.

எம்பிசி ஒன்னின் குறை, கரண்ட் இல்லாமல் அது உயிர்க்காது என்பது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு உடுக்குப் பதியப் போகிறவர், கேட்டு அனுமதி வாங்கினாலும், பிளக் பொயின்ட் தேடி அலையக்கூடாது. அங்கே ரோலண்ட் எஸ்பி-404 மார்க் 2 ஜெயிக்கிறது. 6 டபிள் ஏ பற்றரியில் ஓடும். பதிவுப் பொத்தானை அழுத்த மறந்தாலும், சற்று முன் கேட்ட 25 செக்கனைத் திரும்ப எடுத்துத் தருகிற வசதி உண்டு. எதிர்பாராமல் விழுகிற நல்ல அடியைப் பிடிக்க வேறொன்றும் இதற்கு ஈடில்லை. ட்ரிம் செய்யும்போதுதான் மனம் அடங்காது. 2005இல் வந்த பழைய 404இல் அலையே தெரியாது, காதுதான் கதி. மார்க் 2 அலையைக் காட்டுகிறது, ஆனால் திரை சின்னது. பெரிதாக்கிப் பார்த்தாலும் கண் சுருங்கும். இரவில் பந்தலுக்குள் உட்கார்ந்து அதில் பூச்சியக் கோடு தேடுவது வீண்வேலை. அங்கே பருமட்டாக வெட்டிவிட்டு மிச்சத்தை வீட்டில் பாருங்கள்.

எலெக்ட்ரான் டிஜிடாக்ட் பற்றி என் எண்ணம் கலப்பானது. 2017இல் வந்த முதல் பதிப்பைச் சொல்கிறேன், அது மோனோ (ஒற்றைத் தடம்). தாள வரிசையின் ஒவ்வொரு படிக்கும் (ஸ்டெப்) தொடக்கப் புள்ளியைத் தனித்தனியாகப் பூட்டிவைக்கலாம். ஒரே மத்தள வரியை எடுத்து, எட்டுப் படியில் எட்டு இடத்திலிருந்து ஒலிக்கவிட்டால் புதிய தாளக்கட்டே பிறக்கும். இந்த விளையாட்டுக்கு எம்பிசியை விட இதுதான் கைக்கு இதம். ஆனால் அந்தத் தொடக்கப் புள்ளி 0 முதல் 120 வரையான அளவில், பதிந்த முழு ஒலியின் பங்காகத்தான் வரும். ஒலி நீள நீள ஒவ்வொரு திருகலும் பெரிய தாவலாகும். ஆகவே பதிந்தவுடனே, சேமிக்கும் முன்பே, முன்னும் பின்னும் இறுக்கி வெட்டிவிட வேண்டும்.

கோர்க் 'வோல்கா சாம்பிள்' மிசினில் இதே சிக்கல் முற்றிப்போயிருக்கும். அதன் தொடக்கப் புள்ளிக்கு 128 நிலைகள்தான். ஒரு செக்கன் ஒலியில் ஒரு நிலை ஏறக்குறைய 8 மில்லி செக்கன், சமாளிக்கலாம். நான்கு செக்கன் கூத்து வரியைப் போட்டால் 31. வெட்டவே முடியாது. அதிலேயே மைக் போட்டுப் பதியவும் வழியில்லை. வெளியில் துல்லியமாக வெட்டிய ஒற்றை அடிகளை ஏற்றி வாசிக்கிறவருக்கு மட்டும் அது மலிவான, நல்ல சாமான்.

வெளியில் என்றால் ஓடாசிட்டி மென்பொருள் போதும், காசில்லை. வெட்டவேண்டிய பகுதியைத் தெரிந்து இசட் விசையைத் தட்டினால், தெரிவின் இரு முனையும் பக்கத்துப் பூச்சியக் கடப்புக்குப் போய் நிற்கும். பழைய கொம்பியூட்டரிலும் ஓடும். வோல்கா வைத்திருப்பவர் இதைப் படித்துக்கொண்டால், துல்லியத்துக்காக மட்டும் எம்பிசிக்குப் பணம் சேர்க்க வேண்டியதில்லை. கொம்பியூட்டர் முன்னால் உட்காரவே பிடிக்காதவருக்குத்தான் எம்பிசி கொடுத்த காசுக்குப் பெறுமதி.

சல்லரிக்கு வெட்டு பின்பக்கம். தலை கூர்மையானது, எந்த மிசினிலும் இலகுவாகப் பிடிபடும். வால் நீளம். நடுவில் வெட்டினால் அசிங்கமாக நிற்கும். எம்பிசியில் ஒலியைப் படிப்படியாகக் குறைக்கிற 'ஃபேட் அவுட்' போடலாம், டிஜிடாக்டில் 'டிகே' (ஒலி அடங்கும் நேரம்) குமிழைக் குறைத்தாலே வால் இயல்பாக அடங்கும். இந்த ஒன்றில் டிஜிடாக்ட் முன்னுக்கு நிற்கிறது.

செக்கன்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள், ட்ரிம் பக்கம் உள்ள எந்த மொடல் என்றாலும், கடையில் நின்றே ட்ரிம் பக்கத்தைத் திறந்து தொடக்கக் குமிழை மெதுவாக ஒரே திசையில் திருகிப் பாருங்கள். எண் பின்னோக்கிக் குதித்தாலோ, தாவித் தாவி ஏறினாலோ குமிழ் தேய்ந்திருக்கிறது. விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.