மூழ்கிய கப்பலைத் தூக்குவதா, கடலடியிலேயே விடுவதா?

1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய, ஸ்வீடனின் வாசா போர்க்கப்பலை 1961-இல் ஸ்டாக்ஹோமில் மேலே கொண்டுவந்தார்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவு. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே பிழைக்காது. அதனால்தான் 333 ஆண்டுகளுக்குப் பிறகும் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது. ஆனால் தூக்கியதோடு வேலை முடியவில்லை. நீரில் ஊறிய மரம் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் என்பதால், மரத்துக்குள் நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளின் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். அப்புறமும் 2000 வாக்கில், மரத்துக்குள் கந்தக அமிலம் உருவாவது தெரியவந்தது. துருப்பிடித்த இரும்பு ஆணிகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு கப்பலைத் தூக்கினால் காலத்துக்கும் அதைப் பராமரித்தே ஆக வேண்டும்.

கடலடியில் விட்டால் செலவு குறைவு. வண்டலுக்குள் ஆக்சிஜன் அவ்வளவாகப் போகாது, மரம் நிலைக்கும். நீருக்கடிப் பண்பாட்டுச் சின்னங்களைக் காப்பதற்கான 2001 யுனெஸ்கோ உடன்படிக்கையும் இந்த வழியைத்தான் முதலில் பரிசீலிக்கச் சொல்கிறது. இழுவலை, நங்கூரம், புதையல் தேடுபவர்கள் என்று ஆபத்துகள் உண்டு, கண்காணிப்பு வேண்டும்.

வாசா மாதிரி முழுக் கப்பல் அபூர்வம், அதைத் தூக்கியது சரி. மற்றவற்றுக்கு என் ஓட்டு கனடாவின் ரெட் பே முறைக்கு. அங்கே 16-ஆம் நூற்றாண்டில் பாஸ்க் மக்கள் (ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதியினர்) ஓட்டிய திமிங்கில வேட்டைக் கப்பலின் மரத்துண்டுகளை மேலே எடுத்து, ஒவ்வொன்றையும் அளந்து வரைந்து, ரப்பரில் அச்செடுத்து, மறுபடி கடலடியிலேயே புதைத்தார்கள். தச்சரின் கருவித் தடம் வரை பதிவாகிவிட்டது. கப்பலை எப்படிக் கட்டினார்கள் என்று ஆராய்பவருக்கு அதுதான் முக்கியம்.