கம்பெனி உத்தரவாதமா, கடை உத்தரவாதமா: கேமரா வாங்குவோர் கவனத்திற்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன் திருமணப் படப்பிடிப்புக்காக ஒரு ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கொண்ட) கேமராவின் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா உடல், வாங்கியபோது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ஜிஎஸ்டி பில்லுடன் வாங்கி, தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அல்லது கிரே மார்க்கெட் சரக்கை, அதாவது நிறுவனத்தின் அங்கீகாரமற்ற வழியில் இறக்குமதியான பொருளை, கடைக்காரர் தாமே தரும் உத்தரவாதத்தை நம்பி வாங்கலாம். நான் முதல் வழியில் சென்றேன். இன்றும் அதையே பரிந்துரைக்கிறேன்.

கிரே சரக்கு விலை குறைவு என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் ஜிஎஸ்டி பதிவுள்ள தொழில்முறைப் படப்பிடிப்பாளர், முறையான பில் இருந்தால், டிஜிட்டல் கேமராவுக்குக் கட்டிய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக, தாம் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால், அந்த இடைவெளி பெருமளவு சுருங்கிவிடும்.

என் முடிவைச் சரியென்று காட்டியது விலையன்று, பதிவுதான். இருபதாவது மாதத்தில் ஷட்டர் முழுதாகத் திறக்காமல், படங்களின் கீழ்ப்பகுதியில் கறுப்புப் பட்டை விழத் தொடங்கியது. சர்வீஸ் சென்டர் மேசையில் பில்லை எடுத்து வைத்தபோது, வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்துகள் மங்கி, சீரியல் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் தெரியவில்லை. வாங்கிய அன்றிரவே பதிவு செய்ததற்கு வந்த மின்னஞ்சலில் எண்ணும் வாங்கிய தேதியும் தெளிவாக இருந்தன. ஷட்டரைக் கட்டணமின்றி மாற்றிக் கொடுத்தார்கள். நிறுவனம் பார்ப்பது சீரியல் எண்ணையும் வாங்கிய தேதியையும்தான். ஆகவே கடையை விட்டு வெளியேறும் முன்பே, பாடியின் அடியில் உள்ள எண், பெட்டியின் மேல் ஒட்டிய எண், பில்லில் எழுதிய எண் மூன்றும் ஒன்றா என்று சரிபார்க்க வேண்டும். கிட்டாக (பாடியும் லென்ஸும் சேர்த்து) வாங்கினால் லென்ஸுக்குத் தனி எண் உண்டு. பலர் பாடியை மட்டும் பதிவு செய்துவிட்டு லென்ஸை மறந்துவிடுகிறார்கள். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதிகபட்ச சில்லறை விலையும் அச்சிட்ட ஸ்டிக்கர் இல்லையென்றால், அந்தச் சரக்கு முறையான வழியில் வந்ததா என்று சந்தேகிக்கத்தான் வேண்டும்.

கிரே சரக்கின் சிக்கல் இலவசப் பழுதுபார்ப்போடு முடிவதில்லை. அமெரிக்காவில் நிக்கான் நிறுவனம், தன் வழியாக வராத பொருளைக் கட்டணம் கொடுத்தாலும் பழுதுபார்க்க நெடுங்காலம் மறுத்துவந்தது என்பது அங்குள்ள படப்பிடிப்பாளர்கள் நன்கறிந்த செய்தி.

கடை உத்தரவாதத்தைப் பற்றி நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் கேமராவுக்கு முன்பு கடை உத்தரவாதத்தில் வாங்கிய ஒரு லென்ஸில், உள்ளே வரும் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் அப்பர்ச்சர் இதழ்கள் ஒட்டிக்கொண்டபோது, கடைக்காரர் வாதிடாமல் வாங்கிக்கொண்டு, வெளியில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து, ஐந்து வாரத்தில் சரிசெய்து தந்தார். இந்த ஓர் அனுபவத்தை வைத்து எல்லாக் கடைகளையும் எடைபோட மாட்டேன். ஆனால் அந்த ஐந்து வாரமும் நான் லென்ஸை வாடகைக்கு எடுத்தே வேலை செய்தேன் என்பதையும், கடை மூடப்பட்டால் அந்த வாக்கும் அதோடு போய்விடும் என்பதையும் மறக்கவில்லை.

கீழே விழுந்தது, நீர் புகுந்தது, லென்ஸில் பூஞ்சை பிடித்தது ஆகியவற்றுக்கு இந்த இரண்டில் எதையும் நம்ப முடியாது. விபத்துச் சேதத்துக்குத் தனிக் காப்பீடுதான் வழி.

மின்னணுப் பாகம் எதுவும் இல்லாத மேனுவல் ஃபோகஸ் (கையால் திருப்பி ஃபோகஸ் செய்யும்) லென்ஸ் ஒன்றை மட்டும், விலை மிகவும் குறைந்திருந்தால், கடை உத்தரவாதத்தில் வாங்க இன்றும் சம்மதிப்பேன்.