"8 வாரத்தில் மல்யுத்தத் தூக்கு, எறி எல்லாம்": பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் டவுனில், கடைவரிசை மாடி ஒன்றில் சப்மிஷன் கிராப்ளிங் (மூட்டைப் பூட்டியோ கழுத்தை நெரித்தோ எதிராளியைச் சரணடையவைக்கும் விளையாட்டு) வகுப்பு தொடங்கினார்கள். தலைப்பில் இருப்பது அவர்கள் நோட்டீஸின் வாசகம். பதிவுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்), 8 வாரப் பயிற்சிக்கு 320, சட்டைக்கு 45, "இன்சூரன்ஸ்" என்று 30. மொத்தம் 445 வெள்ளி, முழுப் பணமும் முன்கூட்டியே. சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள், மீதிப் பேர் தோட்டத்துக் கபடி பையன்கள். மூன்றாம் வாரம் முடிவதற்குள் ஒருவனுக்கு முழங்கை மூட்டு விலகியது, இன்னொருவனுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்ட பெற்றோருக்கு, "ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டீங்களே அண்ணா" என்பதுதான் பதில். இன்சூரன்ஸுக்குப் பாலிசி எண் கேட்டால் இன்றுவரை பதிலே இல்லை.

விவகாரம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருப்பதால் வகுப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் பெரிய விஷயமும் இல்லை, பலகையை மாற்றி அடுத்த ஊரில் திறக்க ஒரு வாரம் போதும். அங்கே என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

"விளையாட்டுன்னா அடிபடத்தானே செய்யும்" என்று ஊரில் சிலர் சமாதானம் சொல்கிறார்கள். கிராப்ளிங்கில் அடிபடும், உண்மைதான். ஆனால் இந்த இரண்டு காயமும் அந்த வகையில் சேராது. எந்தத் தவறுக்கு எந்த மூட்டு போகும் என்று ஜூடோ, மல்யுத்தம் தெரிந்த யாரும் வகுப்பைப் பத்து நிமிடம் பார்த்தாலே சொல்லியிருப்பார்கள்.

முதலில் தரை. சிமெண்டுத் தரைமேல் 2 செ.மீ. தடிமனுள்ள, ஒன்றோடொன்று கோத்துப் போடும் புதிர்க்கட்டை மேட், குழந்தைகள் விளையாட்டு அறைக்கு வாங்குவதைப் போட்டிருந்தார்கள். தரையில் உருண்டு பழக அது பரவாயில்லை. நின்ற நிலையிலிருந்து ஒருவரை எறிந்து விழவைக்க அது போதவே போதாது. ஜூடோவுக்கு 4 செ.மீ. தடிமனுள்ள, நன்கு அழுத்தமான தாத்தாமி மேட் போடுவார்கள். புதிதாக எறி பழகுபவர்களுக்கு அதன்மேல் தடிமனான, மெத்தென்ற க்ராஷ் மேட்டும் வேண்டும். கடையில் விலை கேட்டுப் பாருங்கள், ஏன் மெல்லிய மேட் போட்டார்கள் என்று புரியும். சோதிப்பது சுலபம்: ஒற்றை முழங்காலை ஊன்றி உடல் எடை முழுவதையும் அதில் இறக்குங்கள். அடியில் சிமெண்டு தட்டினால், அங்கே யாரையும் எறியக்கூடாது. இணைப்புகள் விலகி விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் ஆபத்து. கால்விரல் அதில் மாட்டி நிற்க, உடல் மட்டும் திரும்பும். அந்தத் திருகல் முழுவதும் முழங்காலுக்குத்தான் போகும்.

இட நெருக்கடி அதைவிட மோசம். நம் ஊர்க் கடைவீடு 20 அடி அகலம், சுமார் 6 மீட்டர். நடுவில் தூண் வேறு. நின்று பழகும் ஒரு ஜோடிக்குக் குறைந்தது 3 மீட்டருக்கு 3 மீட்டர் வேண்டும். அப்படியானால் 6க்கு 6 மீட்டர் மேட்டில் நான்கு ஜோடிதான். அதுவும் எல்லாரும் நடுவிலிருந்து வெளிப்பக்கம் பார்த்து எறிந்தால்தான். இங்கே பத்து ஜோடியை ஒரே நேரத்தில் எழுப்பிவிட்டார்கள், தூணுக்கு உறைகூட இல்லை. ஒருவர் விழுந்து கிடக்கும் கால்மேல் இன்னொரு ஜோடி வந்து விழுவது, இந்த விளையாட்டில் முழங்கால் போவதற்கு அடிக்கடி கேட்கும் காரணங்களில் ஒன்று. இடம் குறைவான வகுப்புகளில் நல்ல கோச் பாதிப் பேரை உட்காரவைத்து, ஓரத்தில் இருப்பவர்களைக் காவலுக்கு நிறுத்துவார்.

அடுத்தது விழுதல். முழங்கை போன கதை இதுதான். முதல் வகுப்பிலேயே இடுப்பு எறி காட்டினார்கள், விழுவது எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. பின்பக்கம் விழும்போது கையை நீட்டித் தரையில் ஊன்றுவது மனித இயல்பு. எறிந்தவன், எறியப்பட்டவன் இருவர் எடையும் அந்த நேரான கைமேல் இறங்கினால் மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டை எலும்பு, இதில் ஏதோ ஒன்று போகும். அந்த இயல்பை மாற்றத்தான் விழுந்து பழகுவது. தாடையை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து, மூச்சை விட்டபடி விழ வேண்டும். கை உடலிலிருந்து சுமார் 45 பாகை தள்ளி, உள்ளங்கையும் முன்கையும் ஒன்றாகத் தரையைத் தட்ட வேண்டும். முதலில் உட்கார்ந்த நிலையில், பிறகு குந்திய நிலையில், பிறகு நின்று, கடைசியில்தான் ஜோடி எறிய. பக்கவாட்டு விழுதலும் முன்னுருளலும் இதே வரிசைதான். யாரை எறிந்தாலும் தயங்காமல் கையைத் தட்டி விழும் நிலை வரும்வரை எறிப் பயிற்சி கிடையாது. சலிப்பான வாரங்கள்தான், நோட்டீஸில் போட முடியாது. அதனால்தான் அந்த மாதிரி வகுப்புகளில் அது விடுபட்டுப் போகிறது.

எறிபவனுக்கும் பொறுப்பு உண்டு. கீழே போகிறவனின் ஒரு கையைக் கடைசிவரை விடாமல் மேலே இழுத்துப் பிடித்தால் அவன் தலையும் தோளும் மெதுவாக இறங்கும். ஜூடோ உடையில் சட்டைக் கையைப் பிடித்து இதைச் செய்யலாம். பிடிக்க அந்த உடை இல்லாத கிராப்ளிங்கில் வியர்வையில் கை வழுக்கிவிடும், நம் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம். அதனால் கழுத்தைச் சுற்றிப் பிடித்து எறிவதுதான் சுலபமாக வரும். அதில் எறிந்தவன் தன் முழு எடையோடு கீழிருப்பவன் விலாமேல் விழுவான், விலா எலும்பு விரிசல் விடும். இறங்கும்போது தன் முழங்காலை முதலில் மேட்டில் ஊன்றி எடையைத் தான் வாங்கிக்கொள்ளக் கற்றுத்தராதவர் எறி கற்றுத்தரக்கூடாது.

முழங்கால் விஷயம் வேறு மாதிரி. அன்று காட்டியது கனி பசாமி: பக்கவாட்டில் தாவி, ஒரு காலை எதிராளியின் தொடைக்கு முன்னும் மறு காலைப் பின்னும் போட்டு, கத்தரிபோல் வெட்டிச் சாய்ப்பது. யூடியூபில் பார்க்க அட்டகாசமாக இருக்கும். எதிராளியின் பாதம் தரையில் ஊன்றியிருக்க, தாவுபவன் உடல் அவன் முழங்காலின் பக்கவாட்டில் விழுந்தால் அந்த மூட்டுக்குப் போக வழியே இல்லை. முழங்கால் மடங்கி நிமிரும் மூட்டு, பக்கவாட்டில் மடங்காது. 1980இல் அகில ஜப்பான் ஜூடோப் போட்டியில் யமாஷிதாவின் கால் எலும்பு முறிந்தது இதே எறியில்தான். 1984இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய யமாஷிதாவுக்கே அந்தக் கதி. பன்னாட்டு ஜூடோ விதியிலும் ஐபிஜேஜேஎஃப் (பன்னாட்டு பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதியிலும் இந்த எறிக்குத் தடை. அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வாரத்தில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

கனி பசாமியைக் காட்டாத வகுப்பிலும் தானி ஒதோஷி என்ற ஜூடோ எறியைக் காட்டுவார்கள். அது தடைசெய்யப்பட்டதல்ல, சரியாகச் செய்தால் நல்ல எறி. எதிராளியின் பின்னால் போய், அவனுடைய இரண்டு குதிகாலுக்கும் பின்னே காலை நீட்டி, தான் பின்பக்கம் உட்கார்ந்து அவனைப் பின்மூலைக்கு இழுக்க வேண்டும். அரைகுறையாகக் கற்றவன் பின்னால் போகாமல் பக்கத்திலேயே நின்று, ஒரு முழங்காலின் வெளிப்புறத்தில் தன் உடலைப் போடுவான். உள்பக்கத் தசைநார் அறுந்துபோகும். மல்யுத்தத்தில் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் சாய்க்கும்போதும் இதே தவறு வருகிறது. தாவி இடுப்பில் காலைக் கட்டித் தொங்குவதும் அதே குடும்பம்: தாவுபவன் இடுப்புக்குக் கீழே, முழங்காலில் போய் மோதினால் நேராக நிற்கும் மூட்டு பின்பக்கம் வளையும். ஐபிஜேஜேஎஃப் போட்டியில் வெள்ளைப் பட்டைக்காரர்கள் (தொடக்கநிலையினர்) அப்படித் தாவக்கூடாது.

இப்போது இந்த வகுப்பின் அடிப்படைக் கோளாறுக்கு வருவோம். மல்யுத்தத்தை அப்படியே எடுத்துக் கிராப்ளிங்கில் ஒட்டினார்கள். ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் உயரத் தூக்கி எறிந்தால் அதிகப் புள்ளி, 5 வரைக்கும் கிடைக்கும். அதனால் மல்யுத்தக்காரன் உடலுக்கு உயரமாக எறிவது பழக்கமாகியிருக்கும். ஐபிஜேஜேஎஃப் கணக்கில் தூக்கி எறிந்தாலும் மெல்ல உட்காரவைத்தாலும் ஒரே 2 புள்ளிதான், வீழ்த்திய பின் 3 நொடி மேலே இருந்து அடக்க வேண்டும், அவ்வளவே. தூக்கித் தரையில் அறைந்தால் தகுதிநீக்கம். தலையோ கழுத்தோ தரையில் மோதும்படி பின்வளைத்து எறிந்தாலும் அப்படியே. அப்புறம் எதற்கு அந்த உயரம்?

டபுள் லெக்கையே (இரண்டு காலையும் பிடித்து வீழ்த்துவது) எடுத்துக்கொள்வோம். முன் முழங்காலை எதிராளியின் பாதங்களுக்கு நடுவே இறக்கி, முதுகை நிமிர்த்தி, பார்வை மேலே, காது அவன் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். தலை குனிந்தால் இரண்டு கெடுதல்: அவன் இடுப்பில் முட்டிக் கழுத்து மடங்கும், இல்லையென்றால் கில்லட்டின் பூட்டு (கழுத்தை முன்னாலிருந்து கையால் சுற்றி நெரிப்பது) விழும். முடிக்கும்போது தூக்காமல், தலையால் பக்கவாட்டில் தள்ளி அந்தப் பக்கமாக வளைந்து ஓடினால் எதிராளி தானாக உட்காருவான். சிங்கிள் லெக்கில் (ஒரு காலை மட்டும் பிடிப்பது) தலை உள்பக்கம், மார்போடு. தலையை வெளியே வைத்தால் எதிராளி கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே சாய்வான், இருவர் எடையும் கழுத்தில் இறங்கும். நம் கபடி பையன்களுக்குக் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பது ரத்தத்தில் ஊறியது. நல்ல வேகம், நல்ல பிடி. ஆனால் கபடியில் கழுத்தை நெரிக்க யாரும் காத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குத்தான் தலையை எங்கே வைப்பது என்று முதலில் திருத்திச் சொல்ல வேண்டும்.

மல்யுத்தத்தில் இல்லாத இன்னொரு ஆபத்து பூட்டுதான். நின்ற நிலையில் கழுத்தோ கையோ பூட்டப்பட்டிருக்கும்போது எறியக்கூடாது. மாட்டிய மூட்டு விழும் வேகத்தோடு சேர்ந்து திருகும், தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்ட (டேப்) நேரம் இருக்காது. நின்றபடி முழங்கையைப் பூட்டி அப்படியே தரைக்கு விழுவதை ஜூடோ இதனால்தான் தடுத்திருக்கிறது. பயிற்சியில் ஒரே வழக்கம் போதும்: பூட்டு விழுந்துவிட்டால் எறியை விட்டுவிட்டு, இருவரும் முழங்காலில் இறங்கிப் பிறகு தொடர வேண்டும்.

எடை பற்றி ஒரு வரி. 50 கிலோ பையனை 80 கிலோ ஆளோடு ஜோடி சேர்ப்பவர் கோச் அல்ல. நின்று பழக 10 கிலோ வித்தியாசத்துக்கு மேல் வேண்டாம்.

காயம்பட்ட பிறகு நடந்தது இன்னும் எரிச்சல். விலகிய முழங்கையை அங்கேயே இழுத்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். நரம்பும் ரத்தக்குழாயும் அந்த மூட்டை ஒட்டித்தான் போகின்றன. கிடக்கும் நிலையிலேயே அட்டையோ துண்டோ வைத்துக் கட்டி, விரல்நுனி மரத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோவதுதான் வேலை. முழங்காலில் "டப்" என்ற சத்தமும் சில மணி நேரத்துக்குள் வீக்கமும் வந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் போட்டு உருவக்கூடாது, "நடந்து பாரு" என்று சோதிக்கவும் கூடாது. கழுத்து வலியோடு கை கால் மரத்தால் ஆளை அசைக்காமல் 999 அழையுங்கள். தலையில் அடிபட்டவன் அன்று மறுபடியும் மேட்டில் ஏறக்கூடாது.

பணத்துக்கு வருவோம். "திருப்பித் தரப்படாது" என்று ரசீதில் அச்சடித்தால் அதோடு கதை முடிந்துவிடாது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, தொடர்ந்து வழங்கும் சேவைக்கு முன்பணம் கட்டியவர் இடையில் ரத்து செய்யலாம். சேவை கொடுப்பவர் மொத்தக் கட்டணத்தில் 5 விழுக்காடும், நடந்து முடிந்த வகுப்புக்கான பங்கும், வைத்துக்கொண்ட பொருளின் விலையும்தான் பிடிக்க முடியும். 320 வெள்ளியில் 3 வாரம் போயிருந்தால் 16ம் 120ம் கழித்து 184 வெள்ளி திரும்ப வர வேண்டும். இல்லாத இன்சூரன்ஸுக்கு வாங்கிய 30 வெள்ளி தனி. "எந்தக் காயத்துக்கும் பொறுப்பல்ல" என்ற படிவமும் கல்வெட்டு அல்ல. கவனக்குறைவுப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் விதியை நியாயமற்றது என்று வாதிட அதே சட்டத்தில் இடமுண்டு.

சேருமுன் ஒரு வகுப்பை முழுக்க உட்கார்ந்து பாருங்கள், விடமாட்டோம் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பாலிசியின் நகல், கோச்சின் எஸ்பிகேகே (தேசியப் பயிற்றுநர் திட்டம்) சான்றிதழ், முதலுதவிச் சான்றிதழ், ரசீதில் எஸ்எஸ்எம் (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு எண், இந்த நான்கையும் கேளுங்கள். பெரிய வீரரோடு எடுத்த செமினார் படம் சான்றிதழ் ஆகாது.

ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் படிவம் 1 நிரப்பிக் கொடுக்கலாம், கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளிவரை கேட்கலாம், 3 ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. உடல் காயத்துக்கான இழப்பீட்டை அங்கே விசாரிக்க மாட்டார்கள், அதற்கு சிவில் நீதிமன்றம்தான். அதனால் இரண்டு கோப்பாகப் பிரித்து வையுங்கள். ஒன்றில் நோட்டீஸ், பணம் மாற்றிய சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல். மற்றதில் மருத்துவமனை அறிக்கை, எக்ஸ்ரே, எந்த எறியில் எப்படி விழுந்தான் என்று அன்றே எழுதிய குறிப்பு, அப்புறம் ஸ்கேல் வைத்து எடுத்த மேட்டின் படம்.