ஒரு பழைய 100 சிசி எஞ்சினுடன் 11 ஆண்டுகள்: கற்றுக்கொண்ட முறை பற்றிய மதிப்பீடு

இரண்டு ஆண்டுகளாக ஓடாமல் கிடந்த என் மாமாவின் மோட்டார் சைக்கிள், அதைக் கிளப்பிக் காட்டினால் எனக்கே சொந்தம் என்ற நிபந்தனையோடு என்னிடம் வந்தபோது எனக்கு வயது 16. காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் வைத்த, காற்றால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் அது. பதினொரு ஆண்டுகளாக அதன் பராமரிப்பு முழுவதையும் அநேகமாக நானேதான் செய்து வருகிறேன். ஒரே ஒரு பழைய வண்டி, அதன் சர்வீஸ் மேனுவல், சில கருவிகள் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மெக்கானிசம் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்காக, அந்த முறையில் எது பயன்பட்டது, எது வீண் வேலையாயிற்று என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் வாரத்திலேயே கார்புரேட்டரை முழுவதுமாகக் கழற்றி, அதன் பாகங்கள் அனைத்தையும் ஒரே கிண்ணத்தில் போட்டுவிட்டேன். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அந்தக் கிண்ணத்தோடு பட்டறைக்குப் போய் நின்றபோது, அங்கிருந்த மூத்த மெக்கானிக் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “தம்பி, பிளக்ல பொறி வருதான்னு பாத்தியா?” என்று கேட்டார். பார்க்கவில்லை. காற்று, பெட்ரோல், பொறி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படுவது) ஆகிய நான்கும் இருந்தால் எஞ்சின் ஓடியே தீரும் என்றும், நான்கில் எது இல்லை என்று தெரியும்வரை ஸ்பேனரைத் தொடாதே என்றும் சொல்லி அனுப்பினார். நாள்பட்ட பெட்ரோல் பிசினாகி, மெதுவான ஓட்டத்தில் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டை அடைத்திருந்ததுதான் கோளாறு. ஜெட்டின் துளை முடியளவே இருந்தும், அதைச் சுத்தம் செய்ய ஒரு மாலை போதுமாக இருந்தது. கிண்ணத்தில் கிடந்தவற்றை ஒழுங்காகப் பூட்டுவதற்கோ ஒன்பது நாட்கள் ஆயின.

எனக்கு எஞ்சின் உண்மையில் விளங்கியது டேப்பெட் வைக்கும்போது, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே இடைவெளி அமைக்கும்போது, செய்த தவற்றினால். பிளைவீலில் உள்ள ‘டி’ குறியை நேராக நிறுத்தி, பிஸ்டன் மேலே இருக்கும்போது வால்வு இடைவெளியை அளக்க வேண்டும் என்று மேனுவல் கூறியது. நான் குறியை நிறுத்தி, இடைவெளியே இல்லாததைக் கண்டு, 0.08 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையும்வரை ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். வண்டி தட்டுமுட்டுச் சாமான்களை உருட்டுவதுபோல் சத்தமிட்டது, இழுவையும் குறைந்தது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தால் சுழலும் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் நான்கு ஸ்ட்ரோக்கும் முடியும் என்பதையும், அதற்குள் அந்தக் குறி இரண்டு முறை நேராக வரும் என்பதையும் பாடப் புத்தகத்தில் படித்திருந்தும் கையால் அறிந்திருக்கவில்லை. அழுத்தம் முடியும்போது இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். வெளியேற்றம் முடியும்போதோ இரண்டும் சற்றே திறந்திருக்கும். நான் இரண்டாவதில் நிறுத்தி அளந்திருந்தேன். 1876-இல் நிக்கோலாஸ் ஓட்டோ ஓட்டிக் காட்டிய அதே சுழற்சி, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஏன் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்கிறது என்ற கேள்விக்கான விடையோடு, அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. டேப்பெட் சத்தமே இல்லாமல் இருப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். இடைவெளி மிகக் குறைந்தால், சூடேறி உலோகம் நீளும்போது வால்வு முழுமையாக அமராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தைப் பெரும்பாலும் அது அமரும் இடத்தின் வழியாகவே கடத்துவதால், அமராத வால்வு விரைவில் கருகும். எனவே எஞ்சின் முழுதாகக் குளிர்ந்தபின் அளப்பதே முறை.

ஆயிலிலும் ஒருமுறை சறுக்கினேன். விலையுயர்ந்த ஆயில் எல்லாமே நல்ல ஆயில் என்ற எண்ணத்தில், கார்களுக்கான, உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கொண்ட ஆயிலை ஊற்றினேன். என்னுடையதைப் போன்ற மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் ஊறுகின்றன. தட்டுகள் வழுக்கியதால், மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ குறியிட்ட ஆயிலை இருமுறை மாற்றியும் நிலைமை முழுதாகச் சீராகவில்லை; இறுதியில் தட்டுகளையே மாற்ற வேண்டியதாயிற்று.

கருவிகளைப் பொறுத்தவரை, நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் அடங்கிய பெட்டி எதுவும் தேவைப்படவில்லை. 8 முதல் 17 மி.மீ. வரையிலான நல்ல ரிங் ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், போல்ட்டை அளவோடு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஆகியவையே என் வேலையில் பெரும்பகுதியைச் செய்தன. டார்க் ரெஞ்ச் வாங்கியதற்குக் காரணம், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ஒரு டிரெயின் போல்ட். இறுக்கமே பாதுகாப்பு என்று நம்பும் வயதில் அதை முழு பலத்தோடு திருகியதில், அலுமினிய கேஸிங்கின் மரை கழன்று கையோடு வந்தது. லேத்தில் கொடுத்து, கம்பிச்சுருள் மரை வைத்துத்தான் காப்பாற்றினேன். மேனுவல் கேட்டது வெறும் 24 நியூட்டன் மீட்டர். ஆறு மி.மீ. போல்ட்டுக்கு 10 போதும். ஆனால் பெரிய டார்க் ரெஞ்ச்கள் தம் அளவின் அடிமட்டத்தில் துல்லியமாக இருப்பதில்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிறியதையே வாங்குங்கள். ஜப்பானிய வண்டிகளின் கூட்டல் குறி ஸ்க்ரூக்களுக்குச் சாதாரண ஸ்க்ரூடிரைவர் சரியாகப் பொருந்தாது என்பதை நான்கு ஸ்க்ரூ தலைகளை மழுக்கிய பின்பே அறிந்தேன்.

இந்த முறையில் பெரிய குறை ஒன்று உண்டு. தானே கற்பவன் தனக்குப் பிடித்ததிலிருந்தே தொடங்குகிறான். எனக்கு எஞ்சின் பிடித்தது. பிரேக், டயர், செயின் ஆகியவற்றின் பக்கம் நான் திரும்பவே இரண்டு ஆண்டுகள் ஆயின. இப்போது யாருக்காவது சொல்லிக்கொடுப்பதென்றால் குளிர்ந்த டயரில் காற்றழுத்தம் பார்ப்பதையும், செயினை அது மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில் அளந்து தொய்வு வைப்பதையும்தான் முதலில் காட்டுவேன். பிரேக் வேலையை மட்டும், தொடக்கத்தில் சில முறை, அனுபவமுள்ள ஒருவர் சரிபார்க்காமல் செய்யக் கூடாது. பிரேக் ஆயில் நின்ற இடத்திலேயே ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரக் குறியுள்ள புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறியபின் அதற்கு வகுத்த வரம்போ 155 மட்டுமே. பார்வைக்குத் தெளிவாக இருந்த ஆயிலை நான் நான்கு ஆண்டுகள் மாற்றாமல் ஓட்டியதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

கார்புரேட்டர் டியூனிங் எனக்கு இனி அதிகம் பயன்படாது; வீட்டின் இரண்டாவது வண்டி எரிபொருள் இஞ்செக்ஷன் கொண்டது. எனினும் அதில் எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது, கோளாறுக் குறியீடு காட்டிய சென்சாரை உடனே மாற்றாமல் அந்த நான்கு கேள்விகளையே கேட்டேன். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் கிழிந்திருந்த ஒரு ரப்பர் குழாயில் கோளாறு முடிந்தது.

பழைய வண்டி சென்ற மாதம் ஆயில் குடிக்கத் தொடங்கியது. எஞ்சினைச் சூடாக்கி, திராட்டிலை (ஆக்சிலேட்டரை) முழுதாகத் திறந்து கம்ப்ரஷன் பார்த்தேன். முன்பு 12 கிலோ காட்டிய மீட்டர் 9-இல் நின்றது. சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் பார்த்தபோது 11-ஐத் தாண்டியது. ஆயில் ரிங்கின் இடுக்கைத்தான் சற்று நேரம் அடைக்கும்; வால்வு கசிந்திருந்தால் அப்படி ஏறியிருக்காது. தேய்ந்திருப்பது பிஸ்டன் ரிங்தான். ரிங் செட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். சிலிண்டரைக் கழற்றப்போவது இதுவே முதல் முறை என்பதால், பாகங்களை வரிசையாக வைக்க எண் எழுதிய டப்பாக்களும் இம்முறை தயாராக உள்ளன.